பழைய ரேஸ் படகா, புது சூப்பர் படகா? அலை எழும்பினால் தாங்குவது எது... பாக்கெட்டைக் காலி செய்வது எது?

அமெரிக்காவின் மியாமி கடற்கரையில் இருந்து பஹாமாஸ் நாட்டின் பிமினி தீவுக்கு சுமார் 45 கடல் மைல் தூரம். அதாவது சுமார் 83 கிலோமீட்டர். அதிவேகப் படகு வைத்திருக்கும் ஃபுளோரிடாக்காரர்களுக்கு இது காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரும் தூரம்.

ஆனால், நடுவில் ஒரு வில்லன் இருக்கிறது. அதன் பெயர் கல்ஃப் ஸ்ட்ரீம். தெற்கில் இருந்து வடக்கு நோக்கி ஓடும் மிகப்பெரிய கடல் நீரோட்டம் இது. வடக்கில் இருந்து காற்று வீசினால், காற்று ஒரு பக்கம், நீரோட்டம் எதிர்ப்பக்கம் என இரண்டும் மோதும். அப்போது எழும் அலைகள் உயரமாக, செங்குத்தாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக நெருக்கமாக வரும். ஒரு அலையில் இருந்து இறங்கி நிமிர்வதற்குள் அடுத்தது முகத்தில் அடிக்கும்.

கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்போது எல்லாப் படகும் ராஜாதான். இந்த மாதிரி நாளில்தான் உண்மை தெரியும். 1960, 70-களில் கட்டிய பழைய கனமான படகு நல்லதா? நான்கு இன்ஜின்களோடு வரும் புதுப் படகு நல்லதா? இரண்டில் எதை வைத்துக் காப்பாற்றுவது சுலபம்? விரிவாகப் பார்க்கலாம்.

1960: ஒரே பந்தயத்தில் மாறிய கணக்கு

அதுவரை பெரும்பாலான வேகப் படகுகளின் அடிப்பாகம், பின்பக்கம் போகப் போகத் தட்டையாக இருக்கும். அமைதியான நீரில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். அலை வந்தால் தட்டு மாதிரி 'டப்... டப்' என்று தண்ணீரில் அறையும்.

அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹன்ட் வேறு மாதிரி யோசித்தார். படகின் முன்பக்கம் இருக்கும் கூர்மையான 'வி' வடிவத்தைப் பின்முனை வரைக்கும் அப்படியே கொண்டு சென்றார். இதற்குப் பெயர் 'டீப் வி', அதாவது ஆழமான வி. அடிப்பாகத்தின் சரிவு பின்முனையிலும் சுமார் 24 டிகிரி. கூடவே, படகை மேலே தூக்கிவிட அடிப்பாகத்தில் நீளவாட்டில் மெல்லிய வரப்புகள்.

ஹன்ட்டின் படகு ஒன்று அலையில் ஓடுவதைப் பார்த்த படகு வியாபாரி டிக் பெர்ட்ராம், தனக்கும் அதேபோல 30 அடியில் ஒரு மரப்படகு வேண்டும் என்று கேட்டு வாங்கினார். மனைவியின் செல்லப் பெயரான 'மாப்பி'யை அதற்குச் சூட்டினார்.

1960-ல் மியாமி - நசாவ் பந்தயம் நடந்தபோது கடல் கொந்தளிப்பாக இருந்தது. மாப்பி சுமார் 8 மணி நேரத்தில் நசாவ் போய்ச் சேர்ந்து ஜெயித்தது. இரண்டாவதாக வந்ததும் ஹன்ட் வடிவமைத்த படகுதான், அது வெறும் 23 அடி. மற்றவை மறுநாள்தான் வந்தன.

அடுத்த ஆண்டே மாப்பியின் வடிவத்தை வைத்து, ஃபைபர் கிளாஸில் 'பெர்ட்ராம் 31' விற்பனைக்கு வந்தது. 1980-கள் வரை 1,800-க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. அவற்றில் பல இன்றும் கடலில் ஓடுகின்றன.

இதே வடிவத்தை இன்னும் நீளமாக, ஒல்லியாக, வேகமாக மாற்றியவர் டான் அரோனோ. ஃபார்முலா, டான்ஸி, மேக்னம், சிகரெட் என நான்கு புகழ்பெற்ற படகு நிறுவனங்களைத் தொடங்கியவர் இவர். 1967, 1969 ஆண்டுகளில் உலக சாம்பியன். 1987-ல் மியாமியில், தன் நிறுவனங்கள் இருந்த அதே தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று 'கிளாசிக்' என்று ரசிகர்கள் தேடி வாங்கும் படகுகளில் பல, இவர் தொடங்கிய பெயர்களில் வந்தவை.

அலை அடிக்கும் அடி எவ்வளவு? சொல்லும் சூத்திரம்

படகு அலையில் அடிவாங்குவதைக் கணக்கிட ஒரு பிரபலமான வழி உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் டேனியல் சவிட்ஸ்கி, வார்ட் பிரவுன் இருவரும் 1976-ல் வெளியிட்ட சூத்திரம் அது. தோராயமான மதிப்பீடுதான். ஆனாலும் வடிவமைப்பாளர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண மொழியில் அது சொல்வது இதுதான்:

• வேகம் இரட்டிப்பானால், அடி நான்கு மடங்காகும். 20 நாட் வேகத்தில் தாங்கக்கூடிய அலை, 40 நாட்டில் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.)

• எடை கூடினால் அடி குறையும். மற்ற எல்லாம் ஒன்றாக இருந்து, எடை மட்டும் இரட்டிப்பானால் அடி பாதியாகும்.

• அகலம் குறைந்தாலும் அடி குறையும். சிகரெட் படகுகள் ஒல்லியாக, நீளமாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

• அடிப்பாகச் சரிவு கூடினால் அடி குறையும். 12 டிகிரி சரிவுள்ள படகோடு ஒப்பிட்டால், 24 டிகிரி படகு வாங்கும் அடி சுமார் 30 சதவீதம் குறைவு.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். வேகத்தைப் போல அடியைக் கூட்டுவது வேறு எதுவும் இல்லை. அலைக்குள் போகும்போது படகின் வயதை விட, ஓட்டுபவரின் கை ஆக்ஸிலேட்டரை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

அப்படின்னா பழைய படகு ஏன் 'சாஃப்ட்' என்கிறார்கள்?

இரண்டு காரணங்கள். ஒன்று, எடை. ஃபைபர் கிளாஸ் புதிதாக வந்த காலத்தில் அதன் பலம் எவ்வளவு என்பது கட்டுபவர்களுக்கே முழுசாகத் தெரியாது. அதனால் தடிமனாக, அடுக்கு மேல் அடுக்காகப் போட்டார்கள். 31 அடி பெர்ட்ராமின் எடை 5 டன்னை ஒட்டி இருக்கும். இரண்டாவது, வேகம். பெட்ரோல் இன்ஜின் பொருத்திய பெர்ட்ராம் 31 சாதாரணமாக 20 நாட்டைத் தாண்டிய வேகத்தில்தான் பயணிக்கும். அந்த வேகத்தில் அடியும் குறைவுதான்.

குறைகளும் உண்டு. வேகமாக ஓடும்போது நிதானமாக இருக்கும் டீப் வி படகு, இன்ஜினை அணைத்து நிறுத்தினால் தொட்டில் மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். மீன்பிடிக்க நிறுத்தியவர்களுக்கு வாந்தி வரவைக்கும் அளவுக்கு ஆடும். பக்கக் காற்று இருந்தால் தண்ணீர் தெறித்து உள்ளே இருப்பவர்கள் நனைவதும் சகஜம்.

புதுப் படகில் மாறியது என்ன?

பலரும் நினைப்பது போல புதுப் படகுகள் ஹன்ட்டின் வடிவத்தைத் தூக்கிப்போடவில்லை. இன்றைய 40 அடி வேகப் படகுகள் பலவற்றிலும் பின்முனைச் சரிவு 22 முதல் 24 டிகிரிதான். மாறியது மற்ற விஷயங்கள்.

படிக்கட்டு அடிப்பாகம்: படகின் அடியில் குறுக்காக ஒன்று அல்லது இரண்டு படிகள் இருக்கும். ஓடும்போது அந்தப் படி வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். தண்ணீரில் உரசும் பரப்பு குறையும். அதே இன்ஜினுக்குக் கூடுதல் வேகம், அதே வேகத்துக்குக் குறைந்த எரிபொருள்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வேகமாகப் போகும்போது சட்டென்று திருப்பினால், படகின் பின்பகுதி பிடிமானத்தை இழந்து சுழலலாம். உள்ளே இருப்பவர்கள் வெளியே தூக்கி வீசப்படலாம். பழைய படகு ஓட்டிப் பழகியவர்கள் புதுப் படகில் செய்யும் தவறு இதுதான். திருப்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். திருப்பத்தின் நடுவில் ஆக்ஸிலேட்டரைத் திடீரென விடக் கூடாது.

இன்ஜின்: பழைய படகுகளில் இன்ஜின் உள்ளே, தளத்துக்கு அடியில் இருக்கும். இப்போது பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு இன்ஜின்களின் காலம். மெர்குரி ரேசிங் நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த 450ஆர், ஒரே இன்ஜினில் 450 குதிரைத்திறன் கொடுக்கும். எடை சுமார் 313 கிலோ. இப்படி நான்கு மாட்டினால் 1,800 குதிரைத்திறன்.

பாதுகாப்பிலும் இது பெரிய மாற்றம். இன்ஜின் உள்ளே இருக்கும் பெட்ரோல் படகில் ஆவி கசிந்தால், அது காற்றை விடக் கனம் என்பதால் படகின் அடியில் தேங்கும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால்தான் ஸ்டார்ட் செய்வதற்கு முன் 4 நிமிடம் காற்றாடியை ஓடவிடச் சொல்லி அந்தப் படகுகளில் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும். அவுட்போர்டு இன்ஜின் திறந்த வெளியில் இருப்பதால் இந்த அபாயம் வெகுவாகக் குறைவு. ஆனாலும் டேங்க் உள்ளேதான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

சீட்: வெளியே தெரியாத பெரிய முன்னேற்றம் இது. அதிர்வை உறிஞ்சும் ஸ்பிரிங் சீட்டுகள் இப்போது கிடைக்கின்றன. அலையில் வேகமாகப் போகும் படகில் முதுகெலும்பு நசுங்குவது மருத்துவர்களுக்குத் தெரிந்த காயம். வேலை நேரத்தில் உடல் தாங்க வேண்டிய அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே வரம்பு வைத்தது. வேகப் படகுகளில் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிட முடியும்.

ஆட்டம்: நிறுத்தினால் ஆடும் பழைய பிரச்னைக்கும் மருந்து வந்துவிட்டது. வேகமாகச் சுழலும் சக்கரத்தைக் கொண்ட கைரோ கருவி, படகின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும். இதைப் பழைய படகிலும் பொருத்தலாம். ஆனால் விலை அதிகம்.

கட்டுமரம் பெயரில் ஓடும் ராக்கெட்

புது வேகப் படகுகளில் உச்ச வேகம் கேட்டமரன்களுக்குத்தான். இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவில் சுரங்கம் மாதிரி இடைவெளி. 'கேட்டமரன்' என்ற ஆங்கிலச் சொல்லே நம்ம ஊர் 'கட்டுமரம்' என்பதில் இருந்து போனதுதான். ஆனால் வடிவத்தில் இரண்டுக்கும் சம்பந்தம் குறைவு.

வேகமாக ஓடும்போது நடுச் சுரங்கத்தில் காற்று சிக்கி, விமான இறக்கை போலப் படகைத் தூக்கும். சின்ன அலைகள் மேல் மெத்தையில் போவது மாதிரி இருக்கும். ஆனால் அலையின் உயரம் சுரங்கத்தின் உயரத்தைத் தாண்டினால், நடுத்தளத்திலேயே தண்ணீர் அறையும். இன்னும் மோசம், முன்பகுதி அதிகமாகத் தூக்கினால் காற்று படகையே பின்பக்கமாகப் புரட்டிவிடும்.

மொனாக்கோ இளவரசி கரோலினின் கணவரும் உலக சாம்பியனுமான ஸ்டெஃபானோ காசிராகி, 1990 அக்டோபரில் மொனாக்கோ கடலில் பட்டத்தைத் தக்கவைக்கும் போட்டியில் கேட்டமரன் கவிழ்ந்து உயிரிழந்தார். 2011-ல் ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் போட்டியில் இரண்டு விபத்துகளில் மூன்று பேர் இறந்தனர். வேகத்தில் புதுமை எவ்வளவு வந்தாலும் கடல் மாறவில்லை என்பதற்கு இவை சாட்சி.

சரி, அலையில் ஜெயிப்பது யார்?

• 20 - 25 நாட் வேகம், முரட்டு அலை: நல்ல நிலையில் உள்ள பழைய கனமான டீப் வி படகு, அதே நீளமுள்ள புதுப் படகுக்குச் சளைக்காது. சில நேரம் கூடுதல் சொகுசாகவும் இருக்கும்.

• 40 நாட்டுக்கு மேல், நடுத்தர அலை: 40 அடி நீளம், நல்ல சீட்டுகள் உள்ள புதுப் படகுதான். நீளமும் எடையும் அதற்குச் சாதகம்.

• உச்ச வேகம், சின்ன அலை: கேட்டமரன். அலை பெரிதானால் அதன் ஆட்டம் முடிந்தது.

• நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோகும் அபாயம்: புதுப் படகு முன்னே. நான்கில் ஒன்று நின்றாலும் மூன்று இருக்கும்.

இப்போது பணக் கணக்கு: 'சீப்பா கிடைக்குது' என்பது பொறியா?

பழைய வேகப் படகுகள் சில, ஒரு கார் விலைக்கே விற்பனைக்கு வரும். 40 அடி நீளத்தில் நான்கு ரேசிங் இன்ஜின்களோடு வரும் புதுப் படகு, 10 லட்சம் டாலரை நெருங்கும் அல்லது தாண்டும். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

ஆனால், படகுத்துறை வாடகை படகின் விலையைப் பார்த்து வாங்கப்படுவதில்லை. அடிக்கணக்கில் வாங்கப்படுகிறது. 31 அடி படகை 30 ஆயிரம் டாலருக்கு வாங்கியிருந்தாலும், 3 லட்சத்துக்கு வாங்கியிருந்தாலும் வாடகை ஒன்றுதான். தூக்கி நிறுத்துவது, அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத பெயின்ட் அடிப்பது எல்லாமே அப்படித்தான்.

படகு வாங்குபவர்களிடம் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, 'விலையில் 10 சதவீதத்தை ஒவ்வொரு ஆண்டும் ஒதுக்கு' என்பது. பழைய படகில் இந்தக் கணக்கு உதவாது. 30 ஆயிரம் டாலர் படகுக்கு ஆண்டுக்கு 3 ஆயிரம் என்று ஒதுக்கியவர் முதல் ஆண்டிலேயே மாட்டிக்கொள்வார். கையில் இருப்பது 30 ஆயிரம் டாலர் படகு இல்லை. ஒரு காலத்தில் பெரிய விலைக்கு விற்ற, இப்போது மதிப்பு மட்டும் குறைந்துபோன படகு. அதன் உதிரி பாகங்களின் விலை குறையவில்லை.

பழைய படகு கேட்கும் செலவுகள்

• உள் விட்டங்கள், பின்பலகை: பல பழைய படகுகளில் ஃபைபருக்குள் பிளைவுட் இருக்கும். திருகு போட்ட துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளேயே அழுகும். வெளியே பளபளப்பாகத் தெரியும். சரிசெய்ய இன்ஜினை இறக்கி, தளத்தை அறுக்க வேண்டும்.

• எக்ஸாஸ்ட் பாகங்கள்: உப்புத் தண்ணீரால் குளிர்விக்கப்படும் இரும்பு எக்ஸாஸ்ட் பாகங்கள் உள்ளிருந்து அரிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். விட்டால் தண்ணீர் இன்ஜினுக்குள் போய், முழு இன்ஜினும் வீண்.

• ஸ்டெர்ன் டிரைவ் ரப்பர் உறை: இன்ஜின் உள்ளேயும் புரொப்பல்லர் வெளியேயும் இருக்கும் படகுகளில், இரண்டையும் இணைக்கும் இடத்தில் ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்தால் கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கலாம். உறையின் விலை குறைவு. மாற்றாமல் விட்டதன் விலை அதிகம்.

• பெட்ரோல் டேங்க்: அமெரிக்காவில் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலானபோது, 1960, 70-களின் ஃபைபர் கிளாஸ் டேங்குகள் சிக்கலில் மாட்டின. டேங்கின் ரெசினை எத்தனால் கரைத்தது. அது இன்ஜினுக்குள் போய்ப் பிசின் மாதிரி படிந்தது. பழைய பெர்ட்ராம் படகுகளும் இதில் அடிபட்டன. டேங்கை மாற்றியாச்சா என்பது பழைய படகு வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று.

புதுப் படகு கேட்கும் செலவுகள்

புதுப் படகில் பெரிய செலவு ரிப்பேர் இல்லை, மதிப்புச் சரிவு. படகின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக விழும். உதாரணத்துக்கு, 10 லட்சம் டாலர் படகு 5 ஆண்டுகளில் 30 சதவீதம் மதிப்பு இழந்தது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 60 ஆயிரம் டாலர் காணாமல் போகிறது. ஒரு சொட்டு பெட்ரோல் போடாமலே.

அடுத்தது இன்சூரன்ஸ். வேகமும் குதிரைத்திறனும் கூடக் கூட பிரீமியம் ஏறும். ஓட்டுபவரின் அனுபவத்தையும் கேட்பார்கள். பழைய படகுக்கு வேறு தொல்லை. தகுதியான சர்வேயர் பரிசோதித்த அறிக்கை இல்லாமல் பல நிறுவனங்கள் பாலிசி கொடுக்காது.

சர்வீஸும் நான்கு மடங்கு. ஆயில், ஃபில்டர், பிளக் என ஒவ்வொன்றையும் நான்கு இன்ஜினுக்கும் மாற்ற வேண்டும். பழைய இன்ஜினை ஊர் மெக்கானிக்கே கழற்றி மாட்டுவார். புது இன்ஜினின் கோளாறைக் கண்டுபிடிக்க, கம்பெனி கம்ப்யூட்டர் வைத்திருக்கும் டீலரிடம்தான் போக வேண்டும்.

எரிபொருள்: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

பெட்ரோல் இன்ஜின்களுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. முழு வேகத்தில், மொத்தக் குதிரைத்திறனை 10-ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்குச் செலவாகும் கேலன் தோராயமாகக் கிடைக்கும். ஒரு அமெரிக்க கேலன் 3.78 லிட்டர்.

• இரண்டு 250 குதிரைத்திறன் இன்ஜின் உள்ள பழைய படகு: மணிக்கு சுமார் 50 கேலன், அதாவது 190 லிட்டர்.

• நான்கு 450 குதிரைத்திறன் இன்ஜின் உள்ள புதுப் படகு: மணிக்கு சுமார் 180 கேலன், அதாவது 680 லிட்டர்.

கேலனுக்கு 4 டாலர் என்று வைத்தால், புதுப் படகை ஒரு மணி நேரம் முழு வேகத்தில் விரட்ட 720 டாலர். ஆனால் யாரும் பயணம் முழுக்க அப்படி ஓட்டுவதில்லை. மிதமான வேகத்தில் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். அலை இருக்கும் நாளில் கடலே வேகத்தைக் குறைக்க வைத்துவிடும். அதாவது, 1,800 குதிரைத்திறனுக்குப் பணம் கொடுத்தவரும் அன்று பழைய படகின் வேகத்தில்தான் பிமினி போவார்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

• பழைய படகு என்றால், ஈரப்பதம் அளக்கும் கருவியோடு தனிப்பட்ட சர்வேயர் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயிலை லேப்புக்கு அனுப்பிச் சோதிப்பது நல்லது.

• வாங்கும் விலைக்கு இணையான தொகையை ரிப்பேருக்குத் தனியாக வைத்திருப்பது பாதுகாப்பு. அது முடியாது என்றால் அந்தப் படகு 'சீப்' இல்லை.

• புதுப் படகு என்றால், அமைதியான காலையில் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காற்று அடிக்கும் மதியத்தில் கேட்க வேண்டும்.

• எந்தப் படகாக இருந்தாலும், இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவரின் உடலில் மாட்டியிருக்க வேண்டும். அவர் தூக்கி வீசப்பட்டால் இன்ஜின் தானாக நிற்கும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். பெரிய படகுக்கு விதி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை.

கடைசியாக...

வார இறுதியில் நிதானமாகக் கடலுக்குப் போய், தானே கையில் ஸ்பேனர் எடுக்கத் தயாராக இருப்பவருக்குப் பழைய டீப் வி படகு இன்றும் நல்ல துணை. அதன் மதிப்பு விழுந்து முடிந்துவிட்டது. இனி கேட்பது நேரமும் ரிப்பேர் பணமும்தான். அடிக்கடி நீண்ட தூரம் போகிறவர், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவர், ரிப்பேர் தலைவலி வேண்டாம் என்பவர் புதுப் படகைப் பார்க்கலாம். மதிப்புச் சரிவைத் தாங்கும் வசதி இருந்தால்.

இரண்டு பேருக்கும் பொதுவான ஒன்று உண்டு. 1960-ல் மாப்பி ஜெயித்தது அன்றைய கடலில் வேகத்தைக் குறைக்காமல் ஓடக்கூடிய அடிப்பாகம் அதற்கு இருந்ததால்தான். அலை எழும்பிய பிறகு இன்ஜினின் எண்ணிக்கை உதவாது. ஆக்ஸிலேட்டரைக் குறைக்கத் தெரிந்த கைதான் எல்லோரையும் கரை சேர்க்கும்.